கருங்கலில் ஓட்டா, நாகர்கோவிலில் ஓட்டா?

நாகர்கோவில் பார்வதிபுரத்துக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஓட்டு மட்டும் சொந்த ஊரான கருங்கலிலேயே இருந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று காலையில் பஸ் ஏறிப் போய் ஓட்டுப் போட்டேன். சாவடிக்குத் தள்ளி மேசை போட்டு உட்கார்ந்திருந்த மாமா ஒருவர் பாசத்தோடுதான் சொன்னார்: "இதுக்காவ இவ்வளவு தூரம் அலைஞ்சியா மக்களே? நீ வரல்லேன்னாலும் நாம ஜெயிச்சிருவோம்." அம்மா வைத்த மரச்சீனிக்கிழங்கையும் சாளைக் குழம்பையும் சாப்பிடும்போதும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த மாதமே ஓட்டை நாகர்கோவிலுக்கு மாற்றப் படிவம் 8 போட்டேன்.

சட்டப்படியும் இதுதான் சரி. வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். ஊரில் வீடு இருப்பது மட்டும் போதாது, இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளவும் கூடாது. ஆனாலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் டவுனுக்கு வந்த பாதிப்பேர் ஊர் ஓட்டை விட மனமில்லாமல்தான் இருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எம்.பி. தேர்தலைப் பொறுத்தவரை இரண்டு இடமும் ஒன்றுதான். மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் ஒரே கன்னியாகுமரி மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முன்பு அதன் பெயர் நாகர்கோவில். ஒரு காலத்தில் அது அசைக்க முடியாத தொகுதி. குமரி தமிழ்நாட்டோடு சேரப் போராடிய மார்ஷல் நேசமணி வென்ற இடம். 1967-ல் விருதுநகரில் தோற்ற காமராஜரை 1969 இடைத்தேர்தலில் டெல்லிக்கு அனுப்பியது இந்தத் தொகுதிதான். 1980 முதல் 1998 வரை நடந்த ஆறு தேர்தலிலும் காங்கிரஸின் என். டென்னிஸே எம்.பி.; கடைசி இரண்டு முறை மட்டும் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் நின்றார்.

பிறகு எல்லாம் மாறியது. 1999-ல் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன், 2004-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின், 2009-ல் தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன், 2014-ல் மறுபடியும் பொன்னார், 2019-ல் காங்கிரஸின் வசந்தகுமார். ஐந்து தேர்தலில் நான்கு கட்சிகள். 2014-ல் காங்கிரஸ், அ.தி.மு.க., தி.மு.க., மார்க்சிஸ்ட் எல்லாரும் தனித்தனியாக நின்றபோது பொன்னார் சுமார் 3.73 லட்சம் ஓட்டு வாங்கி 1.28 லட்சத்துக்கு மேல் முந்தினார். எதிரே சிதறிய ஓட்டுகளைக் கூட்டினால் 5.7 லட்சம் வரும். பொன்னார் மத்திய அமைச்சராக இருந்தபோது, 2018 கடைசியில் பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலங்கள் திறந்தார்கள். அப்படியும் அடுத்த வருடமே அவர் ஏறக்குறைய 2.6 லட்சம் ஓட்டில் தோற்றார். தினமும் அந்தப் பாலத்தின் கீழே கடந்து போகிறவன் நான். ஓகி புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத கோபம், இனயம் துறைமுக எதிர்ப்பு எல்லாம் அந்தத் தோல்வியில் இருந்தன. ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு அடிப்படை, சிதறிய ஓட்டில் பெரும்பகுதி தி.மு.க., காங்கிரஸ், மார்க்சிஸ்ட் கூட்டணியில் ஒன்றானதுதான் என்பது என் எண்ணம். 2024-ல் காங்கிரஸின் விஜய் வசந்த் ஏறக்குறைய 1.8 லட்சத்தில் வென்றதையும் அப்படித்தான் பார்க்கிறேன். கூட்டணி நிற்கும் வரை இது பாதுகாப்பான தொகுதி. கூட்டணி உடைந்தால் 2014 திரும்பி வரலாம்.

ஆக, வேறுபாடு எம்.எல்.ஏ. தேர்தலில்தான் இருக்கிறது. கருங்கல் கிள்ளியூர் தொகுதியில் வருகிறது. அங்கே 2006, 2011-ல் ஜான் ஜேக்கப், 2016, 2021-ல் ராஜேஷ்குமார் என்று நான்கு முறையும் காங்கிரஸ்தான். 2021-ல் வித்தியாசம் 55 ஆயிரத்தைத் தாண்டியது. நாகர்கோவிலில் அதே நான்கு தேர்தலில் தி.மு.க., அ.தி.மு.க., தி.மு.க., பா.ஜ.க. என்று ஒவ்வொரு முறையும் கை மாறியிருக்கிறது. 2016-ல் தி.மு.க.வின் சுரேஷ் ராஜனிடம் சுமார் 21 ஆயிரத்தில் தோற்ற பா.ஜ.க.வின் எம்.ஆர். காந்தி, 2021-ல் அவரையே 11,669 ஓட்டில் வென்றார்.

இந்த வித்தியாசம் என்கிற ஒன்றுதான் என்னை முடிவெடுக்க வைத்தது. 11,669-ல் பாதிப்பேர் மனம் மாறினால், அதாவது ஆறாயிரம் பேர் மாறினால், முடிவே மாறும். பார்வதிபுரம், வெட்டூர்ணிமடம் பக்கத்துச் சில தெருக்களைச் சேர்த்தாலே அத்தனை ஓட்டு தேறும். அது வேட்பாளர்களுக்கும் தெரியும். 2021-ல் எனக்கு இங்கே ஓட்டில்லை. ஆனாலும் என் வாசலுக்கு எல்லாக் கட்சியும் வந்தது, சிலர் மூன்று முறை. ஓடை அடைப்பைப் பற்றிச் சொன்னபோது நின்று கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள். கருங்கலில் நான் வளர்ந்த தெருவுக்கு ஜீப் வரும், கை காட்டும், போகும். அங்கே தேர்தல் முடிவாகிற நாள், வேட்பாளர் பட்டியல் வருகிற நாள்தான். பட்டியலில் யார் பெயர் வர வேண்டும் என்று நம்மிடம் யாரும் கேட்பதில்லை. பக்கத்து விளவங்கோட்டைப் பாருங்கள். மூன்று முறை காங்கிரஸில் வென்ற விஜயதரணி 2024-ல் பா.ஜ.க.வுக்கு மாறிப் போனார். இடைத்தேர்தலில் காங்கிரஸ் நிறுத்திய தாரகை கத்பர்ட் 40 ஆயிரத்துக்கு மேல் முந்தி வென்றார். ஆள் போனாலும் தொகுதி அசையவில்லை. அந்த உறுதியை நான் மதிக்கிறேன், என் சொந்தக்காரர்களின் உறுதி அது. ஆனால் அங்கே என் ஒரு ஓட்டு, நிரம்பிய குளத்தில் இன்னொரு குடம் தண்ணீர்.

நெருக்கமான போட்டிக்கு விலையும் உண்டு. சில ஆயிரத்தில் முடிவாகும் இடத்தில் சாதிக் கணக்கும் மதக் கணக்கும் திண்ணை வரை வருகின்றன. 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட பெரியவர்கள் வீட்டில் இருக்கும் மாவட்டம் இது. அந்தப் பேச்சைக் கேட்கும்போது எனக்குப் பயம்தான் வருகிறது. கருங்கலில் ஒரு தேர்தலிலும் அதை இவ்வளவு சத்தமாக நான் கேட்டதில்லை. நாகர்கோவில் வாக்காளராக ஒரு சட்டமன்றத் தேர்தலையும் நான் இன்னும் கடக்கவில்லை என்பதால், இந்த விலை எவ்வளவு என்று அளந்து சொல்ல என்னிடம் அனுபவம் போதாது.

இன்னொன்றையும் இழந்தேன். உள்ளாட்சித் தேர்தல் பட்டியலும் இதே பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கருங்கல் பேரூராட்சியில் ஒரு வார்டின் முடிவைச் சில குடும்பங்களே மாற்றிவிடலாம். கவுன்சிலர் நமக்குத் தெரிந்த முகமாக இருப்பார். இங்கே 52 வார்டு கொண்ட மாநகராட்சி. அந்தக் கணக்கில் பார்த்தால் ஊர் ஓட்டுதான் கனமானது. ஓய்வுக்குப் பிறகு ஊரிலேயே இருக்கப் போகிறவர்கள் மாற்றாமல் இருப்பதே நல்லது. என் அம்மாவின் ஓட்டு அங்கேதான் இருக்கிறது. அதை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை.

2026 தேர்தலுக்கு முன் இதை எழுதுகிறேன். 2025 ஏப்ரலில் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் மறுபடி சேர்ந்ததால் நாகர்கோவிலில் 2021-ன் அணிகளே திரும்பலாம். விஜய்யின் த.வெ.க. யார் ஓட்டை எடுக்கும் என்பதுதான் கேள்வி. கிள்ளியூரில் அது எடுத்தாலும் 55 ஆயிரம் கரைய நிறைய வேண்டும். இங்கே கொஞ்சம் எடுத்தாலே போதும். புது அடையாள அட்டை தபாலில் வந்துவிட்டது. சாவடி, வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.