பல வருடமாகக் கேட்டும் தீராத ‘டஸ்ட்டி இன் மெம்ஃபிஸ்’

1969-இல் வந்த இந்த ஆல்பத்தை முதன்முறை கேட்டபோது, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று தோன்றியது. பல வருடம் கேட்ட பிறகு, என்னிடம் உள்ள சோல் இசையில் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த, உணர்ச்சி ததும்பும் பாட்டு வகை) இதைத்தான் அடிக்கடி எடுக்கிறேன்.

இதைப் பாடிய டஸ்ட்டி ஸ்பிரிங்ஃபீல்ட் லண்டன்காரர். 1966-இல் அவர் பாடிய ‘யூ டோன்ட் ஹாவ் டு சே யூ லவ் மீ’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பெரிய ஆர்கெஸ்ட்ரா, அதற்கும் மேலே எழும் குரல் என்று அடித்து ஆடிய பாப் பாட்டு அது. 1968-இல் அட்லாண்டிக் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். சோல் பாடகி அரேதா ஃபிராங்க்ளினின் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர், டாம் டவுட், ஆரிஃப் மார்டின் மூவரும் இவரை மெம்ஃபிஸில் உள்ள அமெரிக்கன் சவுண்ட் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார்கள். தான் போற்றும் பாடகர்களின் ஊரில் வாய் திறக்கவே அவருக்குத் தயக்கம். வாத்தியங்கள் மெம்ஃபிஸில் பதிவாக, கடைசியில் நாம் கேட்கும் குரல் நியூயார்க்கில் பதிவானது.

அந்தத் தயக்கம் பாட்டில் குறையாகத் தெரியவில்லை. சோல் என்றாலே தொண்டை கிழியப் பாடுவது என்று நினைப்பவர்கள் ‘பிரெக்ஃபஸ்ட் இன் பெட்’ பாட்டைக் கேட்க வேண்டும். அவர் கத்தவே இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குத்தான் குரல் எழுகிறது. 1966 பாட்டின் அதே தலைப்பு வரி இதற்குள்ளும் வருகிறது. அன்று கெஞ்சிய வரி, இங்கே எல்லாம் தெரிந்த ஒரு பெண்ணின் ஆறுதலாக மாறிவிடுகிறது. பாப்பிலிருந்து சோலுக்கு அவர் கடந்த தூரத்தை அந்த ஒரு வரியிலேயே அளந்துவிடலாம்.

‘சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்’ எல்லாருக்கும் தெரியும். 1994-இல் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தில் ஒலித்த பிறகு இன்னும் பரவிவிட்டது. ரெஜி யங்கின் கிட்டார் ஆரம்பம் இன்றும் அலுக்கவில்லை. ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது அதற்கு அடுத்த பாட்டு, ராண்டி நியூமன் எழுதியது. சுவர் மெலிசான குடியிருப்பில், தன் காதலனைப் பற்றி அக்கம்பக்கத்தார் பேசுவதைக் கேட்க நேரும் பெண் பாடுவது. இன்னொருவர் பாடியிருந்தால் அழுது தீர்த்திருப்பார். டஸ்ட்டி அழுகையை வரவிடாமல் பிடித்து நிறுத்துகிறார். நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் வயலின்கள் தேவைக்கு மேல் இழைகின்றன. ‘இன் தி லேண்ட் ஆஃப் மேக் பிலீவ்’ எனக்கு இன்னமும் ஒட்டவில்லை.

போன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்துவிடாதீர்கள். டாமி காக்பில்லின் பேஸ் கிட்டார் காணாமல் போனால் பாதி ஆல்பம் போய்விடும். சுமாரான ஹெட்போன் போதும். பின்னணிப் பாடகிகளும் தனித்தனியாகத் துலங்குவார்கள். வந்த புதிதில் இந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் 99-ஆம் இடத்தோடு நின்றது என்பதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

1999-இல் வந்த மறுபதிப்பில் கூடுதல் பாடல்கள் நிறைய உண்டு. நல்ல பாடல்கள்தான். ஆனால் புதிதாகக் கேட்பவர்கள் முதலில் அசல் 11 பாடல்களை மட்டும், அதே வரிசையில், ஷஃபிள் போடாமல் கேளுங்கள். அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும்.