16 நாள் பூட்டிய வீட்டில் கடல்நீர்த் தொட்டி: டுன்ஸே ஆஸ்மோலேட்டர் 3155

ஜூன் பள்ளி விடுமுறையில் அப்பாவின் சதாபிஷேகத்துக்காகக் குடும்பத்தோடு கும்பகோணம் போனோம். 16 நாள். சிங்கப்பூரின் ஈசூனில் பூட்டிக் கிடந்த எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் 3 அடிக் கடல்நீர்த் தொட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நல்ல நீரைத் தானாக ஊற்றும் ஆஸ்மோலேட்டர் என்ற கருவிதான் அதைப் பார்த்துக்கொண்டது. கீழே உள்ள சம்ப் என்ற துணைத் தொட்டியையும் சேர்த்து 180 லிட்டர். உள்ளே இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கிளீனர் இறால், இரண்டு தலையாக வாங்கி இப்போது ஏழு தலையாகிவிட்ட டார்ச் பவளம். அதைப் பிள்ளை மாதிரி வளர்த்திருக்கிறேன்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வைக்க எங்கள் வீட்டில் இடமில்லை. தொட்டியின் மேல் இரண்டு சிறு விசிறிகள்தான். தண்ணீர் ஆவியாகிப் போவதால்தான் சூடு இரண்டு மூன்று டிகிரி குறைகிறது. அதற்கு விலையாக நாளுக்கு 2.5 லிட்டர் தண்ணீர் போய்விடுகிறது. 16 நாளுக்கு 40 லிட்டர். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். யாரும் ஊற்றாவிட்டால் ஆயிரத்துக்கு 35 என்றிருக்கும் உப்பு 45-ஐத் தொட்டுவிடும். அதற்கு முன்பே சம்ப்பின் கடைசி அறை வற்றி, மேலேற்றும் பம்ப் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும்.

இந்தக் கருவியை ஏன் வாங்கினேன் என்று சொல்ல ஒரு பழைய கதை வேண்டும். அதற்கு முன் மலிவான மிதவை சுவிட்ச் ஒன்று வைத்திருந்தேன்; நீர் குறைந்து மிதவை இறங்கினால் பம்ப் ஓடும், மிதவை எழுந்தால் நிற்கும். மலாக்காவுக்கு 3 நாள் போய் வந்தபோது வரவேற்பறைத் தரை முழுக்கத் தண்ணீர். ஒரு சின்ன நத்தை எப்படியோ சம்ப் வரை இறங்கி, மிதவைக்கும் அதன் தண்டுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருந்தது. மிதவை மேலே எழவே இல்லை. நல்ல நீர் வைத்திருந்த கேனில் இருந்த 25 லிட்டரையும் பம்ப் தள்ளித் தீர்த்துவிட்டது. உப்பு 30-க்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. மீன்கள் தாங்கிக்கொண்டன. இறால் கல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் கிடந்தது. அன்று ராத்திரி துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது: தண்ணீர் ஊற்றுவது எந்தப் பம்புக்கும் சுலபம், சரியான நேரத்தில் நிறுத்துவதுதான் பெரிய வேலை.

ஆஸ்மோலேட்டர் அந்த வேலையை மூன்று விதமாகச் செய்கிறது. முதலாவது, ஒளி சென்சார். அகச்சிவப்பு ஒளியை வைத்து, தன் முனை நீரில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்று பார்க்கிறது. அசையும் உறுப்பு இல்லாததால் சிக்கிக்கொள்ளவும் எதுவும் இல்லை. அடுத்து, அதற்குச் சற்று மேலே ஒரு பாதுகாப்பு மிதவை. சென்சார் ஏமாந்து நீர் அதுவரை ஏறினால் பம்ப்பை நிறுத்திவிட்டுக் கத்தும். கடைசியாக, பம்ப் தொடர்ந்து 10 நிமிடம் ஓடினால் எங்கோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு தானே நின்றுவிடும். கேன் காலியானாலும் இதே கதைதான், பம்ப் வறண்டு ஓடிக் கெடாது. எனக்குப் பிடித்தது இந்தப் பத்து நிமிடக் கணக்குதான்.

ஜெர்மன் சாமான், விலை சாதாரண மிதவை சுவிட்சைப் போலப் பல மடங்கு. சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் மீன்கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்து விசாரித்துவிட்டுத்தான் வாங்கினேன். பொருத்துவது கஷ்டமில்லை, காந்தத்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் எங்கே ஒட்டுகிறோம் என்பது முக்கியம். ஆவியாகும் நீரெல்லாம் மேலேற்றும் பம்ப் இருக்கும் அறையில்தான் குறைந்து தெரியும், அதனால் அங்கேதான் வைக்க வேண்டும். குமிழிகள் அடிக்காத மூலையாகப் பார்க்க வேண்டும். உப்புப் படிந்தால் சென்சார் தடுமாறும், வாரம் ஒருமுறை பழைய பல் தூரிகையால் துடைக்கிறேன்.

குழாயின் வாய் நீருக்கு மேலே நிற்க வேண்டும், கேனின் நீர்மட்டம் அந்த வாயைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். கேன் உயரத்தில் இருந்தால் பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். குழாய் வாய் நீருக்குள் மூழ்கினால் உப்பு நீர் கேனுக்குத் திரும்பிவிடும். இந்தக் கருவியால் இதைத் தடுக்க முடியாது, நாம்தான் பார்த்து வைக்க வேண்டும்.

40 லிட்டர் கேன் ஒன்றை வைத்துவிட்டு நிம்மதியாகப் போகலாமே என்று கணவர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. 18 லிட்டர் கேன் வைத்தேன். அது முழுவதும் ஒரே மூச்சில் கொட்டினாலும் உப்பு 32-க்குச் சற்றுக் கீழேதான் இறங்கும், சம்ப்பிலும் அத்தனை நீருக்கு இடம் இருக்கிறது. 18 லிட்டர் ஒரு வாரத்துக்குத்தான் வரும். எனவே ஆறு நாளைக்கு ஒருமுறை கேனை நிரப்ப ஓர் ஆள் தேவைப்பட்டது.

எதிர்வீட்டு மாமாவிடம் சாவி கொடுத்தேன். வடிகட்டிச் சுத்தமாக்கிய ஆர்ஓ நீரை முன்கூட்டியே பிடித்து மூடிய டப்பாக்களில் வரிசையாக வைத்துவிட்டேன். குழாய் நீரில் குளோரமின் இருக்கிறது, அது பவளத்துக்கு ஆகாது.

“ஏம்மா, உப்புத்தண்ணி மீன்தானே, ரெண்டு கை உப்பு போட்டு ஊத்திடவா?” என்று அக்கறையாகக் கேட்டார்.

“வேணாம் மாமா. உப்பு தொட்டியிலயே இருக்கு. தண்ணி மட்டும்தான் குறையுது. இந்த டப்பாவை அப்படியே கேன்ல ஊத்திட்டு மூடியை இறுக்கி மூடிடுங்க, போதும்.”

மூடி விஷயத்தை அவரிடம் மூன்று முறை சொன்னேன். அது நல்ல நீர். திறந்து கிடந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும், ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறந்துவிடும். ஆளில்லாத வீட்டில் டெங்கிக் கொசுவை வளர்த்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கக் கூடாது. கேன் மூடியில் குழாய்க்கும் ஒயருக்கும் போட்ட ஓட்டைகளைச் சுற்றிப் பஞ்சு அடைத்து டேப் ஒட்டினேன்.

கிளம்ப இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்தேன். தினம் ஒருமுறை பாதுகாப்பு மிதவையை விரலால் தூக்கினால் “கீய்ய்” என்று கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் தூக்கம் வந்தது. கழிவை நுரையாக்கி ஒரு கோப்பையில் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் நுரை சற்றுக் குறைவாக வரும்படி வைத்தேன். அது அதிகமாக நுரை வாங்கினால் உப்பு நீரும் சேர்ந்து வெளியே போகும், அந்த இடத்தை ஆஸ்மோலேட்டர் நல்ல நீரால் நிரப்பும், உப்பு மெல்ல மெல்ல இறங்கிவிடும்.

இதில் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் வசதி கிடையாது. பூட்டிய வீட்டில் கத்தினால் யார் கேட்பது? சம்ப்பைப் பார்த்து ஒரு சின்ன கேமரா வைத்தேன். கும்பகோணத்தில் காலைக் காபியோடு அதைப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. ஆறாம் நாள் மாமாவின் கை கேமராவில் தெரிந்தது. ஊற்றி, மூடி, மூடியைத் தட்டியும் பார்த்தார்.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றியதும் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைத்தான் எடுத்தேன். போகும்போது 35, வந்தபோது 34.5. அந்த அரைப் புள்ளி ஸ்கிம்மர் கோப்பைக்குள் போயிருக்கும் என்று நினைக்கிறேன், கோப்பை முக்கால் நிரம்பியிருந்தது. டார்ச் ஏழு தலையும் விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. இறால் என் விரலுக்கு வந்து நகத்தைச் சுரண்டியது.

விசிறி வைத்துச் சமாளிக்கிறவர்கள், வருடத்துக்கு ஒருமுறையாவது ஊருக்குப் போகிறவர்கள் கட்டாயம் வாங்கலாம். தொட்டி சின்னது, இரண்டு நாள்தான் வெளியூர் என்றால் இத்தனை செலவு வேண்டாம், பக்கத்து வீட்டாரிடம் எதுவரை நீர் ஊற்ற வேண்டும் என்று ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போகலாம். டிசம்பரில் மறுபடி போகிறோம். மாமாவுக்கு மூட்டுவலி என்பதால் இந்த முறை ஆர்ஓ நீரைத் தூக்கச் சுலபமாக 3 லிட்டர் டப்பாக்களில் பிடித்து வைக்கப் போகிறேன்.