டீ அருமை, திரை சுமார், ‘அடுத்த கோச் யார்’ வாதம் அரைவேக்காடு: ரங்கூன் டீக்கடை ஒன்றின் மதிப்புரை

அனோரதா சாலைக் காளியம்மன் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரம். பெரியவர்களுக்கு அது இன்றும் ஃப்ரேசர் தெருதான். பகலில் சாதாரண டீக்கடை. சனி, ஞாயிறு இரவுகளில் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகர்கள் கூடும் சபை. சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரை விட்டுவிடுவோம். ரங்கூனில் பந்தாட்டம் காட்டும் டீக்கடைகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை என்பதால், இங்கே சொல்வதில் பாதி பக்கத்துத் தெருக் கடைக்கும் பொருந்தும்.

முதலில் டீ. இங்கே ‘ஒரு டீ’ என்று மட்டும் கேட்டால் பையன் நின்றுகொண்டே இருப்பான். ‘ச்சோ செய்ன்’ என்றால் இனிப்பும் பாலும் தூக்கல். ‘ச்சா செய்ன்’ கடுஞ்சாயம், பாலும் உண்டு. ‘பொ செய்ன்’ இனிப்புக் குறைவு. இரண்டு மணி நேரம் உட்கார வருகிறவருக்கு ச்சா செய்ன்தான் சரி; ச்சோ செய்னில் ஊற்றும் டின் பால் இரண்டாவது கோப்பையிலேயே திகட்டிவிடும். சாயத்தை நெடுநேரம் அடுப்பில் வைத்துக் காய்ச்சுவதால் துவர்ப்பு ஏறியிருக்கும், அதை அடக்கத்தான் அவ்வளவு டின் பால். இந்தக் கடையில் சாயம் சரியான பதத்தில் இருக்கிறது. இரவு பத்தைத் தாண்டினால் அடிச்சட்டிச் சாயம் வரும், கசக்கும். பிளாஸ்கில் இருக்கும் பாலில்லாத வெறுந்தேநீர் எல்லா டீக்கடையையும் போல இலவசம், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம்.

கேட்காமலே சமூசா, ஈ ச்சா கொய் (எண்ணெயில் பொரித்த நீள மாவுத்துண்டு), பலாட்டா (நம் பரோட்டா) என்று தட்டுகள் மேசைக்கு வந்துவிடும். தின்றதற்கு மட்டும் காசு. சமூசாவைக் கத்தரித்துக் கோஸ், வெங்காயம், புளிப்பு சேர்த்துப் பிசைந்த அத்தோ தனியாகச் சொல்ல வேண்டும். சென்னையில் பர்மா பஜார்ப் பக்கம் நூடுல்ஸ் அத்தோ மட்டும் தின்று பழகியவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. விலையை எழுதிப் பயனில்லை. அடுத்த மாதம் அது வேறாக இருக்கும்.

இனி வந்த காரியம். நேரக் கணக்கு தெரியாமல் போய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய. இங்கிலாந்தின் கோடை நேரத்தில் நாம் அவர்களுக்கு ஐந்தரை மணி முன்னால்; அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் ஆறரை மணி. ஆகவே அங்கே மதியம் 12:30 ஆட்டம் இங்கே மாலை 6 மணிக்கு, குளிர்காலத்தில் 7 மணிக்கு. சனிக்கிழமை 3 மணி ஆட்டம் இரவு 8:30 அல்லது 9:30. (இங்கிலாந்திலேயே அந்த 3 மணி ஆட்டத்துக்கு நேரலை கிடையாது; நமக்கு உண்டு.) அங்கே மாலை 5:30 என்றால் இங்கே இரவு 11 அல்லது நள்ளிரவு 12. வார நாளில் அங்கே இரவு 8 மணி ஆட்டம் நமக்கு விடிகாலை 1:30 அல்லது 2:30. அதற்கு இந்தக் கடையை நம்ப வேண்டாம்.

திரை 43 அங்குலம். முன்வரிசைக்குப் போதும், நடைபாதை முக்காலியில் உட்கார்ந்தால் பந்து தெரியாது, கூட்டத்தின் தலையாட்டலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஆட்டம் இணையம் வழியாக வருவதால், டிஷ் வைத்திருக்கும் எதிர்க்கடையைவிட அரை நிமிடம்வரை பின்தங்குகிறது. எதிர்ச்சாரியில் ‘கோல்’ என்ற கூச்சல் எழும்போது இங்கே பந்து இன்னும் நடுக்களத்தில் உருளும். இதற்கு ஒரே மருந்து உள்பக்கச் சுவரோரம் உட்காருவது. அங்கே விசிறிச் சத்தம் வெளிக்கூச்சலை அமுக்கிவிடும்.

மின்வெட்டுதான் உண்மையான பரீட்சை. கடையில் இருப்பது 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்று. கணக்குப்படி 1200 வாட்-மணி. பாதிக்குக் கீழே இறக்கினால் பேட்டரி சீக்கிரம் கெடும். இன்வெர்ட்டர் தின்பதையும் கழித்தால் கைக்கு மிஞ்சுவது சுமார் 500. டிவிக்கு 90 வாட், ரவுட்டருக்கும் பெட்டிக்கும் சேர்த்து 25. இவை மட்டும் என்றால் நான்கு மணி நேரம் தாராளமாக ஓடும். கூட்டம் புழுங்குகிறது என்று 50 வாட் மேசை விசிறி இரண்டைச் சேர்த்த உடனே இரண்டே கால் மணியாகிவிடும். இடைவேளையும் கூடுதல் நிமிடங்களும் சேர்ந்து ஓர் ஆட்டமே ஏறக்குறைய இரண்டு மணி. கணக்குக்குச் சரி. ஆனால் ஈய-அமில பேட்டரி முழுதாக ஏற எட்டுப் பத்து மணி நேரம் வேண்டும். மாலையில் ஒரு வெட்டு, நடுவில் மூன்று மணி நேரம் மின்சாரம், இரவில் மறுபடி ஒரு வெட்டு என்றால் பேட்டரி அரைவயிற்றோடுதான் களமிறங்கும். 70ஆவது நிமிடத்தில் திரை அணையும். ‘டிவி பழசு’ என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். இன்னொரு பேட்டரியை இணையாகப் போட்டால் பாதிச் சிக்கல் தீரும். ஆட்டத்துக்கு முன்னால் “இன்னிக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போச்சுண்ணே?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருவது நல்லது.

இந்தக் கடைக்கு ஆட்கள் வருவது டீக்காகவோ திரைக்காகவோ மட்டுமல்ல, ஆட்டம் முடிந்தபின் நடக்கும் வழக்குக்காக. யுனைடெட்டின் அடுத்த நீப்யா யார்? (பயிற்சியாளருக்குப் பர்மியச் சொல், நம்மவர் பேச்சிலும் அதுவே.) தமிழும் பர்மியமும் கலந்து ஓடும். சுவாரசியத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் சரக்கு பாதிதான். காரணம், இங்கே பெயர்கள் மட்டுமே மோதுகின்றன. வேலை என்ன என்பதை யாரும் எடுப்பதில்லை.

“சிடேன் வந்தா எல்லாம் சரியாயிரும்ணே” என்பது அடிக்கடி விழும் வசனம். ரியல் மட்ரிட்டுக்குத் தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்தவர், மறுப்பில்லை. ஆனால் யுனைடெட்டின் நெடுங்கால மேனேஜர் ஃபெர்குசன் 2013இல் ஓய்வுபெற்ற பிறகு பெயருக்குக் குறைவில்லாதவர்கள் எத்தனையோ பேர் வந்து போயாயிற்று. மொயஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம் போட்டுப் பத்து மாதத்தில் அனுப்பினார்கள். வான் ஹால் 2016இல் எஃப்ஏ கோப்பை வென்ற இரண்டாம் நாளே வேலை இழந்தார். மொரீஞ்யோ 2017இல் யூரோப்பா லீக் வாங்கிக் கொடுத்தும் 2018 டிசம்பரைத் தாண்டவில்லை. சோல்ஷார் இடைக்காலப் பொறுப்பில் 19 ஆட்டங்களில் 14 வென்றதும் அவசரமாக மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். அந்தச் சூடு சீக்கிரமே ஆறியது. இடைக்கால ஆள் ஜெயிக்கத் தொடங்கியதும் ‘இவரையே போட்டுருங்கப்பா’ என்று இந்தக் கடையில் எழும் குரலுக்கு அந்த மார்ச் 2019தான் பதில். செல்சியின் டி மத்தேயோ இன்னும் நல்ல உதாரணம்: 2012 மே மாதம் இடைக்காலப் பொறுப்பில் சாம்பியன்ஸ் லீக் வென்றார், நவம்பரில் வீட்டுக்குப் போனார்.

வாதம் சூடேறும்போது கோப்பைகள் களத்துக்கு வரும். இந்தக் கடையின் ஆகச் சிறந்த அம்சம் இதுதான். காலிக் கோப்பைகளை 3-4-3 ஆக (பின்னால் மூவர், நடுவில் நால்வர், முன்னால் மூவர்) அடுக்கி, எதிரணிக்குச் சமூசாக்களை 4-3-3 ஆக வைத்தால், 2024-25இல் யுனைடெட்டுக்குப் பயிற்சி கொடுத்த அமோரிமின் சிக்கல் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். நடுவரிசை நான்கில் இரண்டு ஓரங்களுக்குப் போய்விடும்; மிச்சம் நடுவில் இரண்டு கோப்பை, எதிரே மூன்று சமூசா. அந்த ஒன்றை ஈடுகட்ட முன்வரிசைக் கோப்பை ஒன்று இறங்க வேண்டும், அல்லது பின்வரிசை நடுவிலிருந்து ஒன்று ஏற வேண்டும். இரண்டும் நேரத்துக்கு நடக்காவிட்டால் ஓரத்துக் கோப்பைகள் பின்னால் தள்ளப்பட்டு ஐவர் தற்காப்பாகச் சுருங்கும். முன்னால் நிற்கும் மூவர் தனித்தீவு. 2024-25இல் யுனைடெட் லீக்கில் 42 புள்ளிகளோடு 15ஆம் இடத்தில் முடித்ததற்குப் பாதி விளக்கம் இந்த மேசையிலேயே இருக்கிறது. மீதிப் பாதி, அந்த ஓரங்களில் ஓடப் பழகிய ஆட்கள் அணியில் போதவில்லை என்பது. ஓரத்தில் ஓடும் டோர்குவை வாங்கியதே 2025 பிப்ரவரியில்தான்.

ஒரு எச்சரிக்கை: களத்தில் நின்ற சமூசாவை யாராவது தின்றுவிட்டால் கணக்கில் தகராறு வரும். தட்டைப் பக்கத்து மேசைக்குத் தள்ளியவர்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

சபையில் கேட்கப்படாத கேள்விகள் சில. முதலாவது, வேலையின் பெயர். அமோரிம் 2024 நவம்பரில் வந்தது ‘மேனேஜர்’ ஆக அல்ல, ‘தலைமைப் பயிற்சியாளர்’ ஆக. ஆட்களை வாங்குவது விற்பது எல்லாம் ஃபெர்குசன் கையில் இருந்த காலம் போயிற்று. இப்போது அதற்குத் தனியாக இயக்குநர் உண்டு. ஆகவே ‘இவர் வந்தா இன்னாரை வாங்குவார்’ என்ற வாதமே பாதி செல்லாது. இருக்கும் சரக்கை வைத்துச் சமைக்கத் தெரிந்தவரா என்றுதான் பார்க்க வேண்டும். லிவர்பூல் 2024இல் மேனேஜர் கிளாப்பின் இடத்துக்கு ஸ்லாட்டைக் கொண்டுவந்தது இந்தக் கணக்கில்தான். அவருடைய ஆட்டமுறை இருந்த அணியோடு ஒட்டியது. அந்தக் கோடையில் வாங்கி உடனே களமிறங்க வந்தவர் கியேசா ஒருவரே. லீக் பட்டமும் வந்தது. இந்தக் கடையில் லிவர்பூல் உதாரணம் சொன்னால் டீ ஆறும்வரை திட்டு விழும், அது வேறு.

இரண்டாவது, பணம். அமோரிமுக்கு முன்பிருந்த டென் ஹாகையும் அவர் குழுவையும் அனுப்ப யுனைடெட் கொடுத்தது 1 கோடியே 4 லட்சம் பவுண்டு. அமோரிமைப் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பிலிருந்து கூட்டிவர 1 கோடியே 10 லட்சம் யூரோ. ஒரு நாற்காலியில் ஆள் மாற்ற மட்டும் ஏறக்குறைய 2 கோடி பவுண்டு. வேறு கிளப்பில் ஒப்பந்தத்தில் இருப்பவரின் பெயரைச் சொல்கிறவர், விடுவிப்புத் தொகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி போட்டால் பட்டியல் பாதியாகக் குறையும். அந்தப் பட்டியலிலும் யுஇஎஃப்ஏ ப்ரோ (ஐரோப்பாவின் உச்சநிலைப் பயிற்சியாளர்) உரிமம் இல்லாத பழைய ஆட்டக்காரர் பெயர்கள் ஒன்றிரண்டு அடிபடும்.

மூன்றாவது, எப்போது வருகிறார். பருவத்தின் நடுவில் வருகிறவருக்குப் புது அமைப்பைப் பழக்க நாளே கிடைக்காது. வாரம் இரண்டு ஆட்டம் என்றால் நடுநாட்கள் உடல் தேறவே சரியாகிவிடும். ஆட்டமுறையை அடியோடு மாற்றுகிறவர் என்றால் ஜூலையில்தான் வர வேண்டும். இடையில் வருகிறவர் இருக்கிற அமைப்பைக் கலைக்காதவராக இருக்க வேண்டும். ‘கோப்பை ஜெயிச்சா போதும்’ என்று மேசையைத் தட்டுகிறவர்களுக்கு 2025 மே 21 நினைவிருக்கட்டும். பில்பாவோவில் யுனைடெட்டை 1-0 என வென்று டாட்டனமுக்கு யூரோப்பா லீக் வாங்கிக் கொடுத்த போஸ்டகோக்லுவை 16 நாள் கழித்து அனுப்பிவிட்டார்கள், லீக்கில் 17ஆம் இடம் என்பதால்.

பந்தயம் கட்டிவிட்டு வந்து வாதாடுகிறவர்களின் தீர்ப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அரை கோலில் காசு போனவருக்கு எந்த நீப்யாவும் ஆகாது.

பின்மேசைப் பெரியவர்களை மட்டும் தவறவிடக் கூடாது. அவர்களுக்கு யுனைடெட் இரண்டாம்பட்சம். பேச்செல்லாம் பர்மா அணி 1966இலும் 1970இலும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிய காலத்தைப் பற்றித்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத்திடமும் மெக்சிகோவிடமும் தலா ஒரு கோலில் மட்டும் தோற்று, சூடானை 2-0 என வென்ற அணியை ஸ்கோர் பிசகாமல் சொல்வார்கள். அந்தக் காலத்தில் இங்கே வந்து பயிற்சி கொடுத்தவர் பெர்ட் டிரவுட்மன், 1956 எஃப்ஏ கோப்பை இறுதியில் கழுத்தெலும்பு முறிந்தும் கோல் காத்த மான்செஸ்டர் சிட்டிக்காரர், பிறப்பால் ஜெர்மானியர். யுனைடெட் சபையில் இதைச் சொன்னால் ஒரு நிமிடம் அமைதி விழும். அதற்குப் பிறகும் ஜெர்மானியர்கள் இந்த நாட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். 2015இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு அணியைக் கொண்டுபோன கெர்ட் சைசேயும் அங்கிருந்து வந்தவர்தான்.

பெரிய குறை ஒன்று. டீ தூக்கும் பையன்களில் சிலர் பள்ளி வயதைத் தாண்டாதவர்கள். 11 மணி ஆட்டம் முடிந்து வழக்கும் முடிய ஒன்றரை ஆகிவிடும். அதுவரை அவர்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். கடைக்காரர் இரவு வேலைக்குப் பெரிய ஆட்களை வைத்தால் கட்டுப்படியாகும் அளவுக்குக் கூட்டம் வருகிறது.

போவதென்றால் 8:30 அல்லது 9:30 ஆட்டத்துக்குப் போகலாம். அரை மணி முன்னதாகப் போய் உள்சுவரோரம் மூன்றாவது மேசையைப் பிடிக்கவும். திரையும் தெரியும், பெரியவர்களின் பேச்சும் காதில் விழும். பையனைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் எழுப்புவது பழைய வழக்கம். ‘தம்பி’ என்றாலே இந்தக் கடையில் திரும்பிப் பார்ப்பார்கள். எழும்போது 3-4-3 ஐக் கலைத்து, கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டால் எண்ணிக் கணக்குச் சொல்ல அவனுக்குச் சுலபம்.