பத்தமடைப் பாய்: பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், தரத்தைப் பார்த்து வாங்குங்கள்

பத்தமடைப் பாய் நல்ல பாயா என்று கேட்டால், எந்தப் பத்தமடைப் பாய் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவி பக்கத்து இந்த ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கும் பாய்களில் முழுக் கோரையைப் போட்டு நெய்த முரட்டுப் பாய் உண்டு, மிஷின் தறியில் ஓடியது உண்டு, கையால் நெய்த நயம் பாயும் உண்டு. கரூர், முசிறிப் பக்கத்துக் காவிரிக் கோரைப் பாயையும் சில கடைகளில் இதே பெயரில் கொடுத்துவிடுகிறார்கள்.

பேர் வாங்கித் தந்தது நயம் பாய், அதாவது பட்டுப்பாய். ஆற்றங்கரைக் கோரையைப் பச்சையாக அறுத்துக் கீறி, வெயிலில் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் வரை ஊறப்போடுகிறார்கள். ஊறி உப்பிய கோரையை மறுபடி காயவைத்து, உள்சோற்றை, அதாவது உள்ளே இருக்கும் மெத்தென்ற பாகத்தை நீக்கி, மேல்தோலை இழை இழையாகக் கிழிக்க வேண்டும். ஊறல் போதாவிட்டால் இழை ஒடியும். மிஞ்சினால் கறுத்து மினுமினுப்புப் போய்விடும். பாயின் ஆயுள் முக்கால்வாசி இங்கேயே முடிவாகிவிடுகிறது. பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூலுக்கு, 100 முதல் 140 வரை நம்பர் பருத்தி நூல். நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. தரையோடு கிடக்கும் தறியில் ஒவ்வொரு இழையாகக் குச்சியால் கோத்து, இழையை நெருக்கும் அச்சுக் கட்டையால் அடிக்கிறார்கள். பெரும்பாலும் லெப்பை என்ற தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண்களின் கைவேலை இது. நல்ல நயம் பாய் ஒன்று இறங்க வாரக்கணக்கில் ஆகும்.

கடையில் பாயை முழுசாக விரிக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இழைகளுக்கு இடையே சந்து தெரியக் கூடாது. உள்ளங்கையை அகலவாக்கில் ஓட்டினால் துணிபோல வழுக்க வேண்டும். நெருடினால் சோறு சரியாக நீக்காத கோரை. ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்புக் கரையைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வேண்டாம். பாவு நூல் முடிகிற இரண்டு தலைப்பிலும் துணிக்கரை கட்டாயம் தைத்திருக்க வேண்டும். அது பிரிந்தால் நூல் உருவிக்கொண்டு பாய் கலைந்துவிடும். அகலப் பாய் என்றால் நடுவில் கோரையை ஒட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், முதலில் விட்டுப்போவது அந்த இடம்தான்.

நயம் பாய் துணிபோல மடியும் என்று மடித்துக் காட்டுவார்கள். மடியும், உண்மைதான். அதற்காக ஒரே மடிப்பில் அலமாரியில் வைத்தால் அந்த வரியிலேயே கோரை வெட்டுப்படும். சுருட்டித்தான் வைக்க வேண்டும். அடைமழைக் காலத்தில் அவ்வப்போது விரித்து நிழலில் காயவிடுங்கள். பூசணம் பிடித்தால் கறை போவதில்லை.

தினமும் படுக்க முரட்டுப் பாயே போதும். விலை குறைவு, உழைக்கும். கல்யாணச் சீருக்குப் பொண்ணு மாப்பிள்ளை பேர் நெய்து வேண்டுமென்றால் மட்டும் நயம் பாய்க்குப் போங்கள். அதையும் நாள் குறித்த உடனே நெய்பவர்களிடம் நேரில் சொல்லிவிடுவது நல்லது. எழுத்தைப் பெரிதாகத் தாளில் எழுதிக் கொடுங்கள். நெய்த பிறகு திருத்த முடியாது.

பத்தமடைப் பாயின் பெரிய குறை தரச்சீட்டு இல்லாததுதான். ஜப்பானின் ஓய்ட்டா மாகாணத்தில் ஆளுநர் ஹிராமட்சு 1979-ல் தொடங்கிய ‘ஒரு கிராமம், ஒரு பொருள்’ திட்டத்தைத் தாய்லாந்து 2001-ல் எடுத்துச் செய்தபோது, பொருள்களுக்கு 1 முதல் 5 வரை நட்சத்திரம் போட்டது. வாங்குகிறவர் கண்ணால் தரம் தெரிந்துகொள்ளலாம். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது ஊரைச் சொல்லும், நூல் நம்பரைச் சொல்லாது. அதனால் மிஷின் பாய் விலையைக் காட்டியே கைநெசவுக்காரரிடம் பேரம் பேசுகிறார்கள், கூலி கட்டாமல் நெய்பவர்கள் தறியை விட்டுவிடுகிறார்கள். நூல் நம்பர், கைத்தறியா மிஷினா, சாயம் எது என்ற மூன்றும் பாயின் மூலையில் தைத்த சீட்டில் வர வேண்டும். அது வரும்வரை இந்த மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் நயம் பாய் விலை கொடுக்காதீர்கள்.