அச்சடித்த ஸ்கோர் கார்டு: எந்த ஆட்டத்துக்குத் தாங்கும், எங்கே கைவிடும்?

மடித்த அட்டை ஒன்று, குட்டைப் பென்சில் ஒன்று. இதற்குப் போய் மதிப்புரையா என்று தோன்றலாம். ஆனால் கோல்ஃப் ஆடி முடித்த பின் வரும் தகராறுகள் பெரும்பாலும் இந்த அட்டையில்தான் தொடங்குகின்றன. காரணம் எளிது: அட்டை ஸ்ட்ரோக் பிளேக்காக (மொத்த அடிகளைக் கூட்டி, குறைவாக அடித்தவர் ஜெயிக்கும் ஆட்டம்) வடிவமைக்கப்பட்டது, ஆடுகிறவர்களோ அதில் எல்லா ஆட்டத்தையும் எழுதப் பார்க்கிறார்கள்.

வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது தூரத்தையோ பாரையோ (ஒரு குழிக்கு, அதாவது ஹோலுக்கு, நிர்ணயித்த அடி எண்ணிக்கை) அல்ல, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் வரிசையை. 1 முதல் 18 வரையிலான அந்த எண்கள்தான் ஹேண்டிகேப் அடிகள் (ஆடுகிறவரின் திறனுக்கேற்பக் கழிக்கும் சலுகை அடிகள்) எந்த ஹோலில் கிடைக்கும் என்று சொல்கின்றன. வழக்கமாக ஒற்றைப்படை எண்கள் ஒரு பாதியின் ஒன்பது ஹோல்களிலும் இரட்டைப்படை மற்ற ஒன்பதிலும் இருக்கும். சலுகை அடிகள் ஒரே பக்கம் குவியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இந்த வரிசை கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் இருந்தால், அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தும் பயனில்லை.

ஸ்ட்ரோக் பிளேக்கு அட்டையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹோலுக்கு ஒரு எண், ஆடியவர் கையெழுத்து, மார்க்கர் (அவர் ஸ்கோரைக் குறிப்பவர்) கையெழுத்து. கூட்டிப் போடுவது போட்டி நடத்தும் கமிட்டியின் வேலை, ஒவ்வொரு ஹோலின் எண்ணும் சரியா என்பது ஆடியவர் பொறுப்பு. உண்மையைவிடக் குறைத்து எழுதிக் கையெழுத்திட்டால் தகுதி நீக்கம். கூட்டி எழுதினால் அந்தக் கூடுதல் எண்ணே நிற்கும். 1968 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ராபர்டோ டி விசென்சோவுக்கு நேர்ந்தது இதுதான். 17-ஆவது ஹோலில் அவர் எடுத்தது 3, மார்க்கர் எழுதியது 4. கவனிக்காமல் கையெழுத்திட்டார், 65 என்பது 66 ஆகி, ஒரே அடியில் பட்டம் பாப் கோல்பிக்குப் போனது. கையெழுத்துக்கு முன் மார்க்கரோடு ஹோல் ஹோலாக வாய்விட்டுச் சரிபார்ப்பதைவிட நல்ல வழி இன்றுவரை இல்லை.

வார இறுதி ஆட்டக்காரர்களுக்கு நாம் பரிந்துரைப்பது ஸ்டேபிள்ஃபோர்ட், ஹோலுக்கு ஹோல் புள்ளி சேர்க்கும் ஆட்டம். ஹேண்டிகேப் கழித்த நிகர எண் பாருக்குச் சமம் என்றால் 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, அதற்கு மேல் போனால் பூஜ்யம். ஒன்று குறைந்தால் 3, இரண்டு குறைந்தால் 4. பிளேயிங் ஹேண்டிகேப் (அந்த ஆட்டத்துக்குக் கிடைக்கும் சலுகை அடிகள்) 20 என்றால் எல்லா ஹோலிலும் ஒரு அடி, இண்டெக்ஸ் 1, 2-இல் மட்டும் இன்னொன்று. இண்டெக்ஸ் 2 உள்ள பார் 4-இல் ஆறு அடித்தாலும் நிகரம் 4, புள்ளி 2. அதே ஆறு இண்டெக்ஸ் 7 உள்ள பார் 4-இல் வந்தால் நிகரம் 5, புள்ளி 1. அங்கே ஆறாவது அடியிலும் பந்து குழிக்குள் போகவில்லையா? எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். பின்னால் வருகிற குழுவும் வாழ்த்தும். 18 ஹோலில் 36 புள்ளி என்றால் தன் ஹேண்டிகேப்புக்கு ஆடியதாகக் கணக்கு.

பல அட்டைகளில் இதற்கெனத் தனி இடம் இருக்காது. கட்டத்தைக் குறுக்கே கோடிட்டு மேலே அடித்த எண்ணையும் கீழே புள்ளியையும் எழுதுங்கள். புள்ளியை மட்டும் எழுதி வைப்பது தவறு: அதை வைத்து மார்க்கரால் எதையும் சரிபார்க்க முடியாது, கமிட்டிக்கு வேண்டியதும் அடித்த எண்தான்.

அட்டை தடுமாறுவது ஃபோர்பால் மேட்ச் பிளேயில். மேட்ச் பிளே என்றால் மொத்த அடி அல்ல, யார் அதிக ஹோல்களை ஜெயித்தார் என்பதே கணக்கு. ஃபோர்பாலில் இருவர் இருவராக அணி, ஆளுக்கொரு பந்து, அணியில் குறைந்த நிகர எண்ணே கணக்கு. இங்கே வழக்கமான சலுகை ஹேண்டிகேப்பில் 90 சதவீதம், ஹேண்டிகேப் மிகக் குறைந்தவர் பூஜ்யத்தில் ஆடுவார், மற்றவர்களுக்கு வித்தியாசம் கிடைக்கும். நால்வரின் கோர்ஸ் ஹேண்டிகேப் (அந்த மைதானத்துக்கான சலுகை அடிகள்) 8, 14, 21, 28 என்று வைப்போம். 90 சதவீதம் எடுத்து முழுமையாக்கினால் 7, 13, 19, 25. வித்தியாசம் 0, 6, 12, 18. பலர் முதலில் வித்தியாசத்தை எடுத்துவிட்டுப் பிறகு 90 சதவீதம் போடுகிறார்கள். அப்போது 0, 5, 12, 18 வருகிறது. இரண்டாமவருக்கு இண்டெக்ஸ் 6-இல் ஒரு அடி காணாமல் போகிறது. போட்டி 17-ஆவது ஹோல் வரை இழுத்தால் அந்த ஒன்று போதும். முதல் டீயிலேயே (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) இந்தக் கணக்கை முடித்து, அடி கிடைக்கும் கட்டங்களில் பொட்டு வைத்துவிட்டால் நடுவில் வாதம் வராது.

எண் எழுதுவதோடு நில்லாமல், அட்டையின் ஓரத்தில் யார் எத்தனை ஹோல் முன்னிலை என்று ஓட்டக் கணக்கும் வையுங்கள். 16-ஆவது ஹோலோடு ஒருவர் மூன்று முன்னிலை என்றால் இரண்டே மீதி, ஆட்டம் முடிந்தது. இன்னொரு பொறி: மேட்ச் பிளேயில் குழிக்கு அருகே எதிரிக்கு மீதியுள்ள சின்ன ‘பட்’ (putt) அடியை விட்டுக்கொடுக்கலாம், ஸ்ட்ரோக் பிளேயில் குழிக்குள் போட்டே ஆக வேண்டும். அதே அட்டையில் இரண்டையும் சேர்த்து ஆடுகிறவர்கள் விட்டுக்கொடுத்த ‘பட்’ அடியோடு ஸ்ட்ரோக் ஸ்கோரும் எழுதுவார்கள். அது செல்லாது.

ஃபோர்சம்ஸில் அணிக்கு ஒரே பந்து, மாறி மாறி அடி. ஒருவர் ஒற்றைப்படை ஹோல்களில் முதல் அடி அடிப்பார், மற்றவர் இரட்டைப்படையில். அபராத அடி வந்தாலும் முறை மாறாது. பெயருக்குப் பக்கத்தில் ‘ஒ’, ‘இ’ என்று குறித்தால் குழப்பமில்லை. முறை தவறி அடித்தால் மேட்ச் பிளேயில் அந்த ஹோலே போய்விடும்.

ஸ்கிராம்பிளுக்கு (அணியில் எல்லோரும் அடித்து, சிறந்த அடியிலிருந்து தொடரும் ஆட்டம்) அட்டை போதும், ஆனால் ஒவ்வொருவரின் டிரைவும் (டீயிலிருந்து அடிக்கும் முதல் அடி) குறைந்தது இத்தனை என்று நிபந்தனை இருந்தால், யார் டிரைவை எடுத்தோம் என்று முதலெழுத்தை ஹோலுக்கு ஹோல் எழுத வேண்டும். விட்டுவிட்டால், அணியில் மிகப் பலவீனமானவரின் இரண்டு டிரைவ் பாக்கி என்பது 17-ஆவது டீயில்தான் தெரியவரும்.

ஸ்கின்ஸில் தனியாக ஜெயித்தவருக்கே ஹோல். சமம் என்றால் அந்த ஹோலின் பரிசு அடுத்த ஹோலுக்கு ஏறும். ஏறிய எண்ணிக்கையை அட்டையின் அடிப்பகுதியில் எழுதுங்கள், வெற்றியாளர் பெயரை அல்ல: பெயர் நினைவில் நிற்கும், எத்தனை ஏறியது என்பது நிற்காது. கடைசி ஹோலும் சமமானால் என்ன செய்வது என்பதை முதல் டீயிலேயே பேசி அட்டையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.