ட்ரில்லில் மாட்டும் ரிவெட் கழற்றி: குமிழ்த் தலைக்கு நல்லது, சி.எஸ்.கே. (கவுன்டர்சங்க், தகட்டுக்குள் பதியும்) தலைக்கு வீண்

தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் பழைய ரிவெட்டைப் பிடுங்குவது பெரிய வித்தை இல்லை. பிடுங்கிய பிறகு ஓட்டை வட்டமாக மிஞ்சுகிறதா என்பதில்தான் வேலைக்காரன் தெரிவான். ஒரு நூல் (3.2 மி.மீ.) ரிவெட் இருந்த ஓட்டை முட்டை வடிவமானால் அதே அளவு மறுபடி பிடிக்காது, ஒன்றேகால் நூலுக்கு (4 மி.மீ.) ஏற வேண்டும். தகட்டின் விளிம்பு பக்கத்திலேயே இருந்தால் அதற்கும் வழியில்லை.

இந்தக் கருவி பிட்டோடு சேர்ந்து ட்ரில்லில் உட்காரும் சின்ன உருளை. முனையில் ரிவெட் தலைமேல் கவிழும் கிண்ணம், உள்ளே ஸ்பிரிங், ஆழத்தைப் பூட்டும் வளையம். ஒவ்வொரு ரிவெட் அளவுக்கும் தனிக் கிண்ணம். தலையில் வைத்து அழுத்தினால் பிட் தானாக நடுவுக்கு வருகிறது. பஸ் பாடியின் பக்கவாட்டுத் தகடு முழுவதையும் மாற்றும் வேலை என்றால் காசு வீண் போகாது. பத்துப் பதினைந்து ரிவெட்டுக்கு சென்டர் பஞ்சும் (நடுப்புள்ளி குத்தும் கூர் முனைக் கருவி) கூரான பிட்டும் போதும்.

இதன் உண்மையான பலம் ஆழக் கட்டுப்பாடு. துளைக்க வேண்டியது தலையை மட்டும்தான். பிட் தகட்டுக்குள் இறங்கவே கூடாது. அதே ரிவெட்டை வேஸ்ட் தகட்டில் அடித்து, வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அளவு பிடியுங்கள். துளைத்த குழியில் பின் பஞ்சை (மெலிந்த இரும்புக் கோல்) விட்டுச் சாய்த்தால் தலை பட்டென்று உடைய வேண்டும். பிட் அளவு ரிவெட் தண்டின் அளவு, ஓட்டையின் அளவு அல்ல. 3.2 ரிவெட்டின் ஓட்டை 3.3 மி.மீ.; 3.2 பிட் போட்டால்தான் சுவர் தப்பும். மிச்சத் தண்டை அதைவிடச் சற்று மெலிந்த பஞ்சால் தட்டி இறக்குங்கள். பின்னால் ஓட்டை போட்ட கட்டை முட்டுக் கொடுக்காவிட்டால் மெல்லிய தகடு குழிந்துவிடும்.

பாப் ரிவெட்டில் (கன்னால் ஆணியை இழுத்து, ஒரு பக்கமிருந்தே அடிப்பது) முதல் வேலை ட்ரில் அல்ல. நடுவில் ஒடிந்து நிற்கும் இரும்பு ஆணியைத் தட்டி வெளியேற்றுங்கள்: 3.2-க்கு 1.5 மி.மீ. பஞ்ச், 4.8-க்கு 2.5. ஆணி உள்ளே இருந்தால் பிட் கெட்டியான இரும்பில் வழுக்கி மெத்தென்ற அலுமினியப் பக்கம் சாயும். கிண்ணம் எவ்வளவு நேராகப் பிடித்தாலும் மெல்லிய பிட் வளைந்தே தீரும்.

குறை என்னவென்றால், கிண்ணம் நடுவைக் காட்டுமே தவிர ரிவெட் சுற்றாமல் பிடிக்காது. தளர்ந்த ரிவெட் பிட்டோடு சேர்ந்து சுழன்று, ஓட்டையைத் தேய்த்துப் பெரிதாக்கும். தலை சுற்றத் தொடங்கியதும் நிறுத்துங்கள். இன்னும் அழுத்தினால் இன்னும் சுற்றும். பின்பக்கம் கை எட்டினால் ரிவெட்டின் வாலை (மறுபக்க முனை) குறடால் பிடிக்கலாம். எட்டாவிட்டால் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, தலையின் ஓரத்தை ஸ்க்ரூ டிரைவரால் அமுக்கிக்கொண்டு வெறும் பிட்டால் துளைக்க வேண்டியதுதான். சி.எஸ்.கே. தலை தகட்டோடு மட்டமாக இருப்பதால் கிண்ணத்துக்கு உட்கார இடமே இல்லை. அங்கே சென்டர் பஞ்சுதான் கதி.

கருவியோடு வரும் பிட் 118 டிகிரி முனை என்றால் ஓரமாக வையுங்கள். 135 டிகிரி பிளவு முனை பிட் வழுக்காது. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ரிவெட்டுக்குக் கோபால்ட் பிட், குறைந்த வேகம், ஒரு சொட்டு எண்ணெய். வேகமாக ஓட்டினால் எஸ்.எஸ். இறுகி, பிட்தான் எரியும்.

ஓட்டையின் பிசிறை 10 மி.மீ. பிட்டைக் கையால் ஒரு சுற்று திருப்பி எடுங்கள், மெஷினில் வேண்டாம். பெட்டிக் குழாய்க்குள் விழுந்த வால்களையும் ஆணிகளையும் வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். காந்தத்துக்கு இரும்பு ஆணி வரும், அலுமினிய வால் வராது. விட்டுவைத்தால் வண்டி ஓடும்போதெல்லாம் உள்ளே கலகலக்கும். ஈரம் பட்டால் இரும்புத் துண்டு கிடக்கும் இடத்தில் அலுமினியம் அரிக்கத் தொடங்கும்.