ஐகாம் ஐசி-ஏ25என் கையடக்க ரேடியோ: பைலட் பையில் கட்டாயம் இருக்கட்டும்
போன வருடம் தனியாகப் பயிற்சி விமானம் ஓட்டிக்கொண்டிருந்தபோது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் போய், கொஞ்ச நேரத்தில் பேட்டரியும் இறங்கி, ஹெட்செட்டில் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரின் குரல் அப்படியே நின்றுபோனது. ரேடியோ மட்டும் பழுது என்றால் விமானத்தை ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7600 என்ற குறியீட்டை வைத்து நிலைமையைத் தெரிவிக்கலாம், மின்சாரமே போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும் என்பது, வகுப்பில் படித்திருந்தும் எனக்கு அன்றுதான் உறைத்தது. ‘இறங்கலாம்’ என்று டவர் காட்டிய, விட்டுவிட்டு மின்னாத பச்சை விளக்கைப் பார்த்து, இறக்கையை ஆட்டிப் பதில் சொல்லி, இறங்கினேன்.

அந்த வாரமே இந்தக் கையடக்க ரேடியோவை வாங்கிவிட்டேன். 6 வாட் ஒலிபரப்புத் திறன், ஜிபிஎஸ், விஓஆர் (தரை நிலைய சிக்னலை வைத்துத் திசை காட்டும் வசதி), புளூடூத் எல்லாம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, கடைசியாகப் பேசிய அலைவரிசைகளை அது நினைவில் வைத்திருப்பதுதான், பதற்றத்தில் எண்களைத் தேடி அழுத்தவேண்டியதில்லை.

ஒரு விஷயம், எந்தக் கையடக்க ரேடியோவானாலும் காக்பிட்டுக்குள் அதன் குட்டி ஆன்டெனாவுக்கு எட்டும் தூரம் குறைவுதான். அப்புறம், ஹெட்செட்டை இதோடு இணைக்கும் அடாப்டர் இல்லாமல் எஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தை புரியாது, அதைத் தரையிலேயே மாட்டிப் பழகிவிடுங்கள். பென்சில் பேட்டரி போடும் உறையையும் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். விலை அதிகம்தான், ஆனாலும் தயங்காமல் வாங்கலாம்.